அறுவடை வயலில் பாதியில் நின்ற பாட்டு

நேற்று மாலை மகள் அனுப்பிய பார்சலைப் பிரித்தேன். உள்ளே ஒரு புது இசைத்தட்டு இருந்தது. சென்னையில் இவற்றை மறுபடி அச்சடித்து விற்கிறார்களாம், இளைஞர்கள் தேடித் தேடி வாங்குகிறார்களாம். மேலுறையைச் சுற்றியிருந்த கண்ணாடித் தாளை நகத்தால் கீறியதும் அந்த வாசனை வந்தது. ‘புதுச் செருப்புக் கடைக்குள்ள யாரோ கற்பூரம் ஏத்துன மாதிரி’ என்பாய் நீ. அதைவிடச் சரியாக அந்த வாசனையை எனக்கு வேறு யாரும் சொன்னதில்லை.

மேசையில் காலைப் பத்திரிகை கிடந்தது. ஆண்டு முடிகிறதல்லவா, ‘இந்த ஆண்டின் பத்து ஆல்பங்கள்’ என்று ஒரு முழுப் பக்கம். ஒன்று முதல் பத்து வரை படித்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ படித்திருந்தால் பத்தில் எது முதல் என்று பார்த்திருக்க மாட்டாய். உன் முதல் கேள்வியே வேறாக இருந்திருக்கும். “இதையெல்லாம் எங்க நின்னு கேட்டாங்களாம்?”

நீ போய்ச் சேர்ந்து இரண்டு அறுவடை ஆகிவிட்டது. உன்னிடம் சொல்ல வேண்டியவை சேர்ந்துகொண்டே போகின்றன. எழுதிப் பழகிய கை, எழுதியே சொல்கிறேன்.

நீடாமங்கலத்தில் ஸ்டேஷனுக்குப் போகும் சாலை, அரிசி ஆலைக்கு அடுத்த தகரக் கொட்டகை. வெளியே ‘சவுண்ட் சர்வீஸ்’ என்று நீயே வளைத்து வளைத்து எழுதிய பலகை. உள்ளே ஆம்ப்ளிஃபயர்கள், குழாய் ஒலிபெருக்கிகள், மின்சாரம் இல்லாத இடங்களுக்காக ஒரு கார் பாட்டரி, சுவரை மறைத்த மர அடுக்குகளில் இசைத்தட்டுகள். எனக்கு அப்போது திருச்சிப் பத்திரிகை ஒன்றின் வட்டார நிருபர் வேலை. செய்திக் கவரை ரயிலில் சேர்க்க நான் வருவேன். சென்னையிலிருந்து வரும் இசைத்தட்டுப் பார்சலை எடுக்க நீ வருவாய். பார்சல் ஆபீஸ் மேசையில்தான் பழக்கம் தொடங்கியது. முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்து, “என்ன நிருபரே, இன்னிக்கு எத்தனை பேரைச் சாகடிச்சு கவர்ல போட்டிருக்கீங்க?” என்று கேட்டாய். ஒரு மாதத்தில் ‘நிருபரே’ போய் ‘மாப்ளே’ வந்துவிட்டது.

ஆட்சி மாறியிருந்த காலம் அது. மூலைக்கு மூலை கொடிக்கம்பம், வாரம் தவறாமல் பொதுக்கூட்டம். ஆளுங்கட்சி மேடைக்கும் உன் மைக் செட்தான், செங்கொடிச் சங்கத்து மேடைக்கும் உன் மைக் செட்தான், மிராசுதார்கள் கூடி நிலச் சட்டங்களைத் திட்டித் தீர்க்கும் கூட்டத்துக்கும் உன் மைக் செட்தான். யார் என்ன பேசினாலும் உன் காதில் ஏறாது. மேடைக்குப் பின்னால் சாக்கை விரித்துச் சாய்ந்துகொண்டு, “பேச்சு முடிஞ்சா எழுப்பு மாப்ளே, பாட்டுப் போடணும்” என்பாய்.

உன் வருடம் டிசம்பரில் முடியாது. மேட்டூரில் தண்ணீர் திறந்தால் தொடங்கும். அணையை மூடி, கோரையாற்றில் மணல் திட்டுகள் தலைகாட்டும்போது முடியும். “டிசம்பர்ல வருஷம் முடியறது காலண்டர் அடிக்கிறவனுக்கு” என்று சொல்லிவிடுவாய். தண்ணீர் வந்ததற்கும் நின்றதற்கும் இடையில் உன் அடுக்குக்கு வந்து சேர்ந்த இசைத்தட்டுகளில் நான்கோ ஐந்தோ தேர்ந்தெடுத்து, ஆறு நின்றதும் ஒரு மாலையில் ஆலைக் கூரையில் குழாயைக் கட்டிச் சுற்று வட்டாரத்துக்கே போட்டுக் காட்டுவாய். யாரும் கேட்டு நீ அதைத் தொடங்கவில்லை. ‘வருஷப் பாட்டு’ என்று ஊரே அதற்குப் பெயர் வைத்துக்கொண்டது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் மிராசுதார் வீட்டு மாடியிலும் நாற்காலி போடுவார்கள், அக்கரைத் தெருவில் குடிசை வாசல்களிலும் சாக்கு விரிப்பார்கள். ஒரே பாட்டை அந்த இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கேட்டது அந்த ஒரு மாலையில்தான்.

நீ தேர்ந்தெடுத்த விதம் இருக்கிறதே, அதை இன்று யாரிடம் சொன்னாலும் நான் கதை கட்டுவதாக நினைக்கிறார்கள். கொட்டகைக்குள் கேட்டு எந்த இசைத்தட்டையும் நல்லது என்று நீ சொன்னதே இல்லை. “பக்கத்துல இருந்தா எல்லாப் பாட்டும் நல்ல பாட்டுதான் மாப்ளே. தண்ணியைத் தாண்டி வரட்டும், பாப்போம்.” கார்த்திகை மாதத்தில், சம்பா நட்ட வயல்களில் தண்ணீர் விளிம்பு தட்டி நிற்கும்போது, தட்டை நீ சுழலவிடுவாய். நான் சைக்கிளில் வாய்க்கால் கரையோடு போக வேண்டும். முதல் மதகில் நின்று கேட்க வேண்டும், பிறகு அடுத்த மதகு, பிறகு பனைமர வரிசை. திரும்பி வந்து சொல்ல வேண்டும். ஒரே நிபந்தனைதான் போடுவாய்: “காதுல விழுந்ததைச் சொல்லு. உன் கருத்தைக் கேக்கலை.”

அந்த மாலைகளை நினைத்தால் இன்னும் உடம்பு லேசாகிறது. வெயில் இறங்கி, மேற்கே வானமும் கீழே வயலும் ஒரே நிறத்துக்கு வந்துகொண்டிருக்கும். எது மேல், எது கீழ் என்பதற்கு நாற்றின் நுனிகள்தான் அடையாளம். பின்னால் இருந்து பாட்டு வரும். போகப் போக வாத்தியங்கள் ஒவ்வொன்றாக வழியில் இறங்கிக்கொள்ளும். தபேலா ஆலைத் தெருவைத் தாண்டாது. வயலின்கள் முதல் மதகோடு நின்றுவிடும். அதற்கப்புறம் பாடுகிறவரும் தண்ணீரும் மட்டும்தான். காற்று திரும்பினால் பாட்டு போய்விடும். வேறு எங்கோ அலைந்துவிட்டு, ஒரு வரி முன்னே போயிருந்த நிலையில் திரும்பி வரும். ஒரு கால் பெடலிலும் ஒரு கால் வரப்பிலுமாக நான் நிற்பேன். சில சமயம் அது உன் குழாயிலிருந்து வருகிறதா, வயலுக்கு அடியிலிருந்து வருகிறதா என்று சந்தேகம் வரும். இருட்டத் தொடங்குவதும், பாட்டு முடிந்துவிட்டதும் தெரியாமல் நின்றிருக்கிறேன்.

திரும்பி வந்தால் விசாரணை.

“சரணத்துல வார்த்தை கேட்டுச்சா, மெட்டு மட்டும் கேட்டுச்சா?”

“ரெண்டாவது மதகுல வார்த்தை போயிடுச்சு. மெட்டு இருந்துச்சு.”

“கொக்கு எந்திரிச்சுதா?”

“கொக்குக்கும் பாட்டுக்கும் என்னடா சம்பந்தம்?”

“மோசமான ரெக்கார்டுன்னா கொக்கு எந்திரிச்சுப் போயிடும் மாப்ளே. நல்லதுன்னா உக்காந்திருக்கும்.”

அது உண்மையா, என்னைக் கிண்டல் செய்தாயா என்று கடைசிவரை நான் கேட்கவில்லை. ஆனால் கொக்குகளைக் கவனித்துச் சொல்வதை நிறுத்தவும் இல்லை.

ஊர் உன் தேர்வை அப்படியே ஏற்றுக்கொண்டதும் கிடையாது. ஒரு வருடம் ஒரு வீணை இசைத்தட்டை முதலிடத்தில் வைத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாய். மறுநாள் காலையில் கடை வாசலுக்கு அஞ்சலை வந்தாள். அக்கரைத் தெருவின் நடவுப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் முன்கை, வரிசையை நடத்துகிறவள். அவள் பேசினால் எதிர்க்கரைக்குக் கேட்கும்.

“என்ன மைக்செட்டு, வருஷம் பூரா கேட்டு இதான் கெடச்சுதா? எங்க மாடு அசை போடறதையே நிறுத்திடுச்சு.”

“பாட்டைக் கேட்டுட்டு நின்னிருக்கும்க்கா.”

“ஆமா, யாரு செத்தாங்கன்னு கேட்டுட்டு நின்னுது.”

ஒரு வாரம் அதை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாய். அடுத்த வருடம் ஒரு தெம்மாங்கு இசைத்தட்டு இரண்டாம் இடத்தில் வந்தது. “இப்பத்தான் இந்த ஆளுக்குக் காது தொறந்திருக்கு” என்று அவள் சாலையில் போகிறபோக்கில் சான்றிதழ் கொடுத்தாள். அதை நீ என்னிடம் சொன்ன விதத்தில் ஒரு பெருமை இருந்தது.

அந்தக் குறிப்பிட்ட வருடத்துக்கு வருகிறேன். அந்த வருடத்து இசைத்தட்டுகளை இன்னும் என்னால் வரிசை தவறாமல் சொல்ல முடியும். நான்காவது, வேகமான நடனப் பாட்டுகள் நிறைந்த ஒரு சினிமா இசைத்தட்டு. குழந்தைகளுக்காக என்று சேர்த்தாய். மூன்றாவது, புல்லாங்குழல். இரண்டாவது, ஒரு பக்கம் முழுக்க ஆலாபனையாகவே ஓடும் நாகஸ்வரம். முதலாவது, டெண்ட் கொட்டகையில் ஒரு வாரம்கூட ஓடாத ஒரு படத்தின் பாட்டுகள். அதில் கடைசிப் பாட்டு ஒரு பெண் குரல். கூட ஒரு மாண்டலின், அவ்வளவுதான். பனைமர வரிசை வரை அது மட்டும் வழியில் எதையும் இறக்கிவிடாமல் முழுதாக வந்தது. வந்து சொன்னபோது நீ தலையை மட்டும் ஆட்டினாய். அன்று கொக்கைப் பற்றிக் கேட்கவில்லை.

சம்பா அந்த வருடம் நன்றாக விளைந்திருந்தது. கதிர் தலைசாய்ந்து நின்றது, அறுக்க ஆள் இல்லை. அறுவடைக் கூலியில், அறுத்து அளக்கும் ஒவ்வொரு கலத்துக்கும் அரைப்படி நெல் கூட்டித் தர வேண்டும் என்று அக்கரைத் தெரு கேட்டது. பெரிய மிராசுதார் முடியாது என்றார். உழைப்பவர்களுக்கான சட்டங்களைப் பற்றி மேடைக்கு மேடை பேசிய காலம்தான். வரப்பில் அந்த அரைப்படியை அளந்து போட ஒருவரும் வரவில்லை. அக்கரைத் தெரு அரிவாளைக் கூரையில் செருகிவிட்டது. மிராசுதார் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஆட்களை ரயிலில் இறக்கினார். பின்னாலேயே போலீஸ் வேனும் வந்து நின்றது. அறுவடை கை மாறிப் போனால் அக்கரைத் தெருவில் அடுத்த நடவு வரை அடுப்பு எரியாது. இது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அப்போதுதான் மிராசுதாரின் காரியஸ்தர் குடையும் வெள்ளைச் சட்டையுமாக உன் கொட்டகைக்கு வந்தார்.

“என்னப்பா, உன் வருஷப் பாட்டை இந்தத் தடவை நம்ம வயல்லயே வச்சுப் போட்டுடேன். அறுக்கறவங்களுக்கும் உற்சாகமா இருக்கும். ஐயாவே சொன்னாரு. உன் ரசனை பத்தி அவருக்கு ஒரு இது உண்டு.”

நான் வந்தபோது நீ இசைத்தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாய். முகமெல்லாம் வெளிச்சம்.

“போகாதடா” என்றேன். “அக்கரைத் தெருக்காரங்க வரப்புல நின்னு பேசறது அந்த ஆளுங்க காதுல விழக் கூடாது. அதுக்குத்தான் குழாய் கேக்கறாங்க.”

“உனக்கு எல்லாமே செய்தி மாப்ளே.”

“போலீஸ் எதுக்கு நிக்குதுன்னு நினைக்கிற? பாட்டுக் கேக்கவா?”

“நெல்லு நிக்கும்போது வயல் நடுவுல குழாய் வச்சு இதுவரைக்கும் நான் கேட்டதே இல்ல தெரியுமா? தண்ணி மேல கேட்டிருக்கேன். கதிர் மேல கேட்டதில்ல.”

அந்த ஆசையில் பொய் இல்லை. வேறு எந்த மைக் செட்காரனும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். அவர்கள் வாடகைக்காகப் போயிருப்பார்கள், எதற்குப் போகிறோம் என்று தெரிந்தும் போயிருப்பார்கள். நீ கதிர் மேல் பாட்டு எப்படி வரும் என்று கேட்பதற்காகப் போனாய்.

பனி முழுதாக விலகாத காலை. வயலுக்குள் புதுக்கோட்டை ஆட்கள் வரிசையாக இறங்கியிருந்தார்கள். வாய்க்கால் கரை மேல் அக்கரைத் தெரு திரண்டு நின்றது, பெண்கள் முன்னால். நடுவே போலீஸ்காரர்கள். வரப்பு ஓரத்தில் நீ மேசை போட்டு, மூங்கிலில் குழாயைக் கட்டியிருந்தாய். காரியஸ்தர் வந்து குழாயைத் தன் கையால் அறுக்கிறவர்கள் பக்கம் திருப்பினார். “சத்தத்தை நல்லா ஏத்திடுப்பா” என்றார்.

நடனப் பாட்டுகளில் தொடங்கினாய். வயல் அதிர்ந்தது. கரை மேல் அஞ்சலை கையை நீட்டி எதையோ சொல்லத் தொடங்கினாள். வாய் அசைந்தது, சத்தம் இல்லை. அவளுக்குப் பின்னால் நின்ற அத்தனை பேருடைய வாயும் அசைந்தது. தண்ணீருக்கு அடியில் இருந்துகொண்டு மேலே நிற்பவர்களைப் பார்ப்பது போல இருந்தது. பனியும் அந்தப் பாட்டும் அசையும் வாய்களுமாக, கனவில் யாரோ நம்மைக் கூப்பிட்டும் நமக்குக் கேட்காமல் போவது போல. நான் உன்னைப் பார்த்தேன். நீ கதிர்களைப் பார்க்கவில்லை. அஞ்சலையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

தட்டு முடிந்தது. நீ அதை எடுத்து உறையில் போடும் இடைவெளியில், “அண்ணே, எங்க வயித்துல…” என்று அரை வாக்கியம் வயலுக்குள் வந்து விழுந்தது. அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்தார். நரைத்த மீசை, தலையில் சிவப்புத் துண்டு, அந்தக் கூட்டத்துக்கு மேஸ்திரி.

“சீக்கிரம் மாத்துய்யா!” என்றார் காரியஸ்தர்.

“துடைக்காமப் போட்டா கீறல் விழுந்துடுங்க.”

உன் வெல்வெட் துணியால் ஒரு தட்டை அவ்வளவு நேரம் நீ துடைத்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்து புல்லாங்குழல், அதற்கடுத்து நாகஸ்வர ஆலாபனை. சத்தம் பெரியதுதான், ஆனால் மூச்சுக்கு மூச்சு நிற்கிற இசை. நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் கரையிலிருந்து ஒரு சொல் உள்ளே வந்தது. ‘நாங்க நட்ட’ என்று ஒன்று. ‘புள்ளகுட்டி’ என்று ஒன்று. காரியஸ்தர் குடையைத் தரையில் தட்டினார். “என்ன பாட்டுய்யா இது, சாவு வீடு மாதிரி? கும்முனு ஒண்ணு போடு!” “இதாங்க வருஷப் பாட்டு, ஐயா கேட்டது” என்றாய். அவரால் அதை மறுக்க முடியவில்லை.

பிறகு முதலாவது இசைத்தட்டு. அதன் கடைசிப் பாட்டு. அந்தப் பெண் குரல் கதிர்களின் மேல் போனது. நீ ஆசைப்பட்டது அதுதான். தண்ணீரின் மேல் போனது போல அது வழுக்கிப் போகவில்லை, கதிருக்குக் கதிர் தயங்கித் தயங்கிப் போனது. அறுக்கிற கைகள்கூட மெதுவாயின. நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். முதல் சரணம் முடிந்து, மாண்டலின் வந்து, இரண்டாவது சரணத்தின் முதல் சொல்லை அவள் எடுத்தபோது, நீ கண்ணைத் திறந்து, தட்டின் மேல் ஓடிய ஊசிக் கையைத் தூக்கிவிட்டாய்.

“அண்ணே!” என்று அஞ்சலை கத்திக்கொண்டிருந்தது அந்த நிசப்தத்தில் இடி மாதிரி விழுந்தது. அவளே திடுக்கிட்டாள். வயலுக்குள் யாரோ சிரித்தார்கள். அவளும் ஒரு நொடி சிரித்துவிட்டுக் குரலை இறக்கினாள்.

“அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அதுக்கப்புறம் அறுக்கறது உங்க இஷ்டம். உங்களுக்குக் கலத்துக்கு எவ்வளவு அளக்கறதாப் பேச்சு?”

சிவப்புத் துண்டுக்காரர் சொன்னார்.

அஞ்சலை பின்னால் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தாள். “கேட்டுக்கிட்டீங்களாடி?” மறுபடி அவரிடம், “எங்களுக்கு அளக்கறதைவிட அரைப்படி கூடண்ணே. அந்த அரைப்படியைத்தான் நாங்க கேட்டோம். எங்களுக்கு இல்லைன்னுட்டு உங்களுக்குத் தர்றாங்க.”

“எங்களுக்கு மட்டும் எதுக்குத்தா கூடத் தர்றாக?”

“இந்த ஒரு தடவைதாண்ணே. நாங்க பணிஞ்சுட்டா, அடுத்த தையில உங்களை எதுக்குக் கூப்பிடப் போறாங்க?”

“பாட்டைப் போடுய்யா!” காரியஸ்தர் உன்னிடம் ஓடி வந்தார்.

“ஊசி போயிடுச்சுங்க.”

“வேற ஊசி போடு!”

“இல்லைங்க.”

“மைக்செட் வச்சிருக்கிறவன் மாத்து ஊசி இல்லாமயா வருவான்?”

“வந்துட்டேனேங்க.”

நான் உன் பக்கத்தில் நின்றிருந்தேன். பார்த்தேன். அறுத்த தாளடிக்குப் பக்கத்தில், ஈரச் சேற்றில், உன் கால் கட்டைவிரல் எதையோ உள்ளே அழுத்திக்கொண்டிருந்தது. பொய் சொல்ல வேண்டியிருந்தால் அதை உண்மையாக்கிவிட்டுத்தான் உனக்குச் சொல்ல வந்தது.

காரியஸ்தர் எஸ்.ஐ.யைப் பார்த்தார். “பேசிக்கிட்டுத்தானே இருக்காங்க” என்று சொல்லிவிட்டு எஸ்.ஐ. வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சிவப்புத் துண்டுக்காரர் அரிவாளை இடுப்பில் செருகினார். “அவுக நட்டது, அவுகளே அறுக்கட்டும்” என்று தன் ஆட்களிடம் சொல்லிவிட்டு வரப்பேறினார். ஒவ்வொருவராக மற்றவர்களும் ஏறினார்கள்.

பின்னால் வந்ததை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். ஏனென்றால் எனக்கு அந்த நாளின் மாலைக்குப் போக வேண்டும். அந்த வாரமே அரைப்படி ஒப்புக்கொள்ளப்பட்டது. அக்கரைத் தெரு அறுத்தது. ‘அறுவடைத் தகராறு சுமுகமாக முடிந்தது’ என்று என் பத்திரிகையில் சின்னதாக ஒரு செய்தி வந்தது. ஊசியைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. எழுதினால் உனக்குத்தான் ஆபத்து. எழுதாமலே ஆபத்து வந்தது. பெரிய வீட்டுக் கல்யாணங்களுக்கு வேறு ஊர் மைக் செட் வரத் தொடங்கியது. ஒலிபெருக்கி அனுமதி கேட்டுப் போனால் உன் மனு மட்டும் அடியில் கிடந்தது. கடன் வாங்கிக் கடையை நடத்தினாய். ஆனாலும் வருடாவருடம் ஆறு நின்றதும் ஆலைக் கூரையில் குழாய் ஏறியது. மிராசுதார் வீட்டு மாடியில் நாற்காலி போடுவது மட்டும் நின்றுபோனது.

இனி மாலை. நீயும் நானும் மாட்டு வண்டியில் மைக் செட்டை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷன் வழியாகத் திரும்புகிறோம். தூங்குமூஞ்சி மரத்தடியில் புதுக்கோட்டை ஆட்கள் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள், தஞ்சாவூர் பாசஞ்சருக்காக. அக்கரைத் தெருவிலிருந்து யாரோ பானையில் கஞ்சி கொண்டு வந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சிவப்புத் துண்டுக்காரர் உன்னைப் பார்த்துவிட்டார்.

“ஏப்பா பாட்டுக்காரரே! நில்லு நில்லு. காலையில ஒரு பொம்பளப்புள்ள பாடிக்கிட்டு இருந்துச்சே, பாதியில விட்டுப்புட்டியே. மிச்சம் என்ன சொல்லுது?”

“ஊசி இல்லைண்ணே.”

“அதான் காலையிலயே சொன்னியே. இப்பவுமா இல்ல?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் உன் காதருகில், “சட்டைப் பையில டப்பாவுல மாத்து ஊசி வச்சிருப்பியேடா” என்றேன்.

“ரெண்டையும் சேத்துல அழுத்திட்டேன் மாப்ளே” என்று முணுமுணுத்தாய். “ஒண்ணு இருந்தாக்கூட அந்தப் பாட்டை நானே திருப்பிப் போட்டுடுவேனோன்னு பயம்.”

அன்று காலை உனக்கு எதிராக நின்றது காரியஸ்தர் மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“வேலையும் போச்சு, பாட்டும் போச்சா?” என்றார் சிவப்புத் துண்டுக்காரர். கோபமில்லாமல்தான் சொன்னார். வீட்டில் சொல்லக் கையில் ஒன்றும் இல்லாமல் ரயிலேறுகிற மனிதர்.

நீ வண்டியிலிருந்து இறங்கினாய். அந்த இசைத்தட்டை உறையிலிருந்து எடுத்து, கோடுகளைப் படித்துவிடலாம் என்பது போல வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாய். மறுபடி உறையில் போட்டு என்னிடம் கொடுத்தாய். பிறகு நுகத்தடியில் கையை ஊன்றிக்கொண்டு பாடத் தொடங்கினாய்.

அதற்கு முன் நீ பாடி நான் கேட்டதில்லை. கோவில் பஜனையில் தாளம் கொடுத்தால்கூட நழுவிப் போகிறவன் நீ. இரண்டாவது சரணத்தை மிக உயரத்தில் எடுத்தாய். குரல் ஏறவில்லை. நிறுத்தினாய். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி எடுத்தாய். நான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டேன். நீ விடவில்லை. நடுவில் மாண்டலின் வரும் இடத்தில் அதையும் வாயாலேயே வாசித்தாய். கஞ்சி ஊற்றிய பெண் கரண்டியோடு நின்றுவிட்டாள். சிவப்புத் துண்டுக்காரர் மரத்தில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். தூரத்து வளைவில் ரயில் கூவியது. கடைசி வரியை இருமுறை பாட வேண்டும், இருமுறையும் பாடித்தான் முடித்தாய்.

ரயில் வந்து நின்றது. அவர் எழுந்து துண்டை உதறினார்.

“பாட்டு ரொம்ப நல்ல பாட்டுப்பா. நீ பாடாம இருந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்.”

எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது நீதான். அவர் ஏறி, ஜன்னலுக்கு வந்து, உனக்குக் கையைத் தூக்கிக் காட்டினார். கரி எஞ்சின் புகை நம் இருவரையும் மூடிவிட்டுப் போனது.

ஓடாத அந்தப் படத்தோடு பாட்டும் மறைந்துவிடும் என்று நினைத்தேன். மறையவில்லை. வானொலியில் வந்தது, கேசட்டில் வந்தது, இப்போது கைபேசியில் கிடைக்கிறது. யார் யாரோ உருகி எழுதுகிறார்கள். பஸ்ஸிலோ டீக்கடையிலோ அது வந்தால் நானும் நின்று கேட்கிறேன். முதல் சரணம் வரைக்கும் அந்தப் பெண் பாடுகிறாள். மாண்டலின் வருகிறது. அதற்கப்புறம் எனக்கு அவள் குரல் கேட்பதில்லை. உயரத்தில் எடுத்து, ஏறாமல் நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி தொடங்குகிறாய். கடைசி வரி வரைக்கும், இருமுறையும், நீதான் பாடுகிறாய்.